சொல்லில் எழுந்த குகை

பழைய கணிப்பொறி முனையங்களின் தோற்றத்தை வேண்டுமென்றே வரவழைக்கும் மென்பொருள்கள் இன்று உள்ளன. கருந்திரையில் பச்சை எழுத்துகள் ஒளிர்கின்றன. கண்ணாடியின் வளைவும் ஒளியின் நடுக்கமும்கூட நகலெடுக்கப்படுகின்றன. ஒரு காலத்தின் குறைகளை மற்றொரு காலம் அழகெனக் கொள்வது புதிதன்று. ஆயினும் இந்த ஏக்கம் தேடுவது ஒளியையா, அதில் தெரிந்த சொல்லையா? எழுத்து விளையாட்டுகளின் வரலாறு இதற்கு விடை கூறும்.

அவ்வரலாறு அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், நிலத்துக்கு அடியில் தொடங்குகிறது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டை உருவாக்கியவர்களுள் ஒருவர் வில் கிரௌதர். அவரும் மனைவி பாட்ரிசியாவும் குகைகளை அளந்து வரைபடமாக்கியவர்கள். ஃபிளின்ட் ரிட்ஜ் குகைத்தொகுதி மாமத் குகையோடு இணைவதை 1972 செப்டம்பரில் கண்டறிந்த குழுவில் பாட்ரிசியா இருந்தார். பின்னர் அவர்களது மணவாழ்வு முறிந்தது. கிரௌதர் குகைக்குச் செல்வதையும் விட்டார். பிரிந்திருந்த தம் மகள்கள் மகிழ்வதற்காக 1975-76ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய நிரலே 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டு.

அதில் படம் ஏதும் இல்லை. ஆடுபவரை முன்னிலையில் விளித்து, அவர் நிற்கும் இடத்தைப் பொறி சில வரிகளில் கூறும்; விளக்கை எடு, வடக்கே செல் என்பன போன்ற சிறு கட்டளைகளால் அவர் மறுமொழி தருவார். விளக்கின்றி நடந்தால் குழியில் வீழவும் நேரும். ஸ்டான்ஃபோர்டு மாணவர் டான் வுட்ஸ், கிரௌதரின் முகவரி அறியாமையால், வலையமைப்பில் இருந்த கணிப்பொறிகள் அனைத்துக்கும் அவர் பெயரிட்டு மடல் விடுத்து இசைவு பெற்று, 1977இல் அதனை விரிவாக்கினார். எம்.ஐ.டி.யில் 'சோர்க்' உருவாகத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

அன்று இவ்விளையாட்டை ஆடியவர்கள் பலருக்குத் திரையே கிடையாது. நொடிக்குப் பத்து எழுத்துகள் வீதம் டெலிடைப் பொறி காகிதச் சுருளில் அச்சிட, இரைச்சலுக்கு இடையே அவர்கள் குகையில் நடந்தனர். பச்சை ஒளி இக்கலைக்குப் பின்னாளில் வாய்த்த ஆடையே, உடல், சொல்தான்.

தொலைந்ததென்று கருதப்பட்ட கிரௌதரின் மூல நிரல், வுட்ஸின் பழைய ஸ்டான்ஃபோர்டு கணக்கின் சேமிப்பிலிருந்து 2005இல் மீட்கப்பட்டது. அதனை மெய்யான பெட்குவில்ட் குகையோடு ஒப்பிட்ட டென்னிஸ் ஜெர்ஸின் ஆய்வு 2007இல் வெளிவந்தது. விளையாட்டின் வழியாக மட்டுமே அக்குகையை அறிந்திருந்த ஒருவர் நேரில் சென்றபோது தாமே வழி கண்டு நடந்தார் என்று குகை ஆய்வாளர் ஒருவர் பதிவு செய்துள்ளார்.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. அந்த வரிகள் வழிகாட்டியது அலங்காரத்தால் அன்று. அளந்து அறிந்தவன், அறிந்ததைப் பிறழாமல் சொன்னமையால். திரையின் ஒளியை எவரும் நகலெடுத்துவிடலாம். மகள்கள் நடப்பதற்கென்று ஒரு தந்தை சொல்லால் வெட்டிய பாதையோ, அச்சொற்கள் காக்கப்பட்டதனாலேயே நமக்கு எஞ்சியிருக்கிறது.