தமுக்கம் தோட்டத்தில் காந்தி நினைவாலயம்

வைகைப் பாலத்தைக் கடந்து, கோரிப்பாளையம் தர்காவின் குவிமாடத்தைக் கண்டு, தல்லாகுளத்தை நோக்கிச் செல்வோர், தமுக்கம் மைதானத்தை அடுத்துள்ள தோட்டத்தில் வெண்ணிற மாளிகையொன்றைக் காண்பர். ராணி மங்கம்மாளின் கோடை வாசஸ்தலமென்று வழங்கப்பெறும் இம்மாளிகையிலிருந்து நாயக்க மன்னர் குடும்பத்தினர் யானைப் போரைக் கண்டு களித்தனர் என்பர்; கும்பினியார் காலத்துக்குப் பின் இதில் கலெக்டர்கள் வசித்தனர். 1955-இல் சென்னை ராஜ்ய அரசாங்கம் இதனைத் தோட்டத்துடன் காந்தி ஸ்மாரக நிதிக்கு அளிக்க, 1959 ஏப்ரல் 15-ஆம் தேதி பிரதமர் நேரு இதைக் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார்.

அரசர் மாளிகை ஒரு துறவிக்கு எதற்கு என்று கேட்கலாம். இடம் அரண்மனையாயினும் ஊர் மதுரையன்றோ! 1921 செப்டம்பரில், அந்நிய நாட்டுத் துணியை விலக்குங்கள் என்று பிரசாரம் செய்துகொண்டு தமிழ்நாடெங்கும் சென்ற காந்தியடிகளிடம், கதர் வாங்கப் பணமில்லையே என்று ஏழை மக்கள் முறையிட்டனர். அந்தச் சொல் அவரது இருதயத்தைச் சுட்டது. மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் இரவு தங்கிய அவர், 22-ஆம் தேதி காலையில் குல்லாவையும் மேற்சட்டையையும் துறந்து, முழங்கால் அளவான ஒற்றை வேஷ்டியோடு ஜனங்களின் முன் வந்து நின்றார். அக்டோபர் 31 வரையிலேனும் இந்த உடையே என்பதுதான் அன்றைய சங்கற்பம். ஆயினும் அதுவே ஆயுள் முழுவதும் அவரைப் பிரியாதிருந்தது. 1931-இல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்றபோதும், ஆங்கிலச் சக்கரவர்த்தியைச் சந்தித்தபோதும், மதுரையில் பூண்ட கோலத்திலேயே சென்றார். மதுரை அவருக்கு அளித்த பெருமையைவிட, அவர் மதுரைக்கு அளித்த பெருமையே பெரிது என்பது என் துணிபு.

1948 ஜனவரி 30-ஆம் தேதி குண்டு பாய்ந்து மாண்டபோது அவர் அணிந்திருந்த, உதிரக்கறை படிந்த வஸ்திரங்களுள் ஒன்று இந்த மாளிகையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆற்றுக்குத் தென்புறம் அவர் எளிய உடையை ஏற்றார். வடபுறமோ அவரது இறுதி உடையைக் காக்கிறது. ஒரே நகரம் இவ்விரண்டையும் பெற்றிருப்பது வேறெங்கும் வாய்க்காத பாக்கியம்.

மீனாட்சியம்மனைத் தரிசிக்க வரும் யாத்ரிகர்கள் பலர் வைகையைக் கடவாமலே ஊர் திரும்பிவிடுகின்றனர். அவர்கள் தங்கள் குழந்தைகளுடன் ஒருமுறை தமுக்கத்துக்கும் வரவேண்டும். இங்கே அனுமதிக் கட்டணம் ஏதுமில்லை.