கலாஃபியாவின் தீவு

கலிபோர்னியா என்ற பெயர் முதலில் ஒரு கதைப் புத்தகத்தில்தான் பிறந்தது. நிலம் பிறகு வந்து சேர்ந்தது. ஸ்பானிய எழுத்தாளர் கார்சி ரோட்ரிகெஸ் தெ மொண்டால்வோ, எஸ்பிளாந்தியான் என்னும் வீரனின் சாகசங்களைச் சொல்லும் நெடுங்கதை ஒன்றை எழுதினார். இன்று கிடைக்கும் மிகப் பழைய பதிப்பு 1510இல் செவில் நகரில் அச்சானது. பூலோக சொர்க்கத்தை ஒட்டி, இண்டீஸுக்கு வலப்புறம் இருப்பதாக அதில் ஒரு தீவு வருகிறது. அதன் பெயர் கலிபோர்னியா, அரசி கலாஃபியா.

அந்தத் தீவில் கறுப்பினப் பெண்கள் மட்டுமே வாழ்கிறார்கள். பொன்னைத் தவிர வேறு உலோகம் அங்கே கிடையாது. ஆயுதங்களும் பொன்னால் ஆனவையே. கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட, நம் கோயில் தூண்களின் யாளியை ஒத்த பறக்கும் விலங்குகளைக் குட்டியிலேயே பிடித்து வளர்க்கிறார்கள். சிறைபிடித்த ஆண்களும், பிறக்கும் ஆண் குழந்தைகளுமே அவற்றுக்கு இரை.

கான்ஸ்டாண்டிநோபிளை முற்றுகையிட்ட துருக்கியருக்குத் துணையாகக் கலாஃபியா படையோடு புறப்படுகிறாள். மதம் அவளுக்குப் பொருட்டல்ல, புகழ்தான் வேண்டும். விலங்குகளை அவிழ்த்துவிட்டதும் அவை கோட்டைக் காவலர்களைத் தூக்கிச் செல்கின்றன. துருக்கியர் மதிலேறியதும் அவர்களையும் விடவில்லை. ஆண் என்றால் இரை என்றுதான் அவற்றுக்குப் பழக்கம். கதையிலேயே சுவையான இடம் இதுதான். கடைசியில் கலாஃபியா தனிப்போரில் தோற்று, கிறிஸ்தவம் தழுவி, தலாங்கே என்ற வீரனை மணக்கிறாள். அக்கால ஐரோப்பிய வாசகருக்குப் பிடித்த முடிவு.

இத்தகைய கதைகளைப் படித்தும் கேட்டும் வளர்ந்தவர்களே அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். மெக்சிகோவை வென்ற எர்னான் கோர்த்தேஸ் 1524இல் ஸ்பெயின் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், முத்தும் பொன்னும் நிறைந்த, பெண்கள் மட்டுமே வாழும் தீவொன்று மேற்குக் கடலில் இருப்பதாகக் கேள்விப்பட்டதைக் குறிப்பிட்டார். 1533இல் அவர் அனுப்பிய கப்பல் ஒன்றில் கலகம் மூண்டது. தலைவனைக் கொன்ற கலகக்காரர்கள் இன்றைய லா பாஸ் அருகே கரையிறங்கினார்கள். அவர்களில் பலரை அங்கிருந்த மக்கள் கொன்றனர். தப்பித் திரும்பியவர்கள் முத்துச் செய்தியோடு வந்தனர். 1535 மே மாதம் கோர்த்தேஸே அங்கு போய்க் குடியேற்றம் அமைத்து, சாந்தா குரூஸ் என்று பெயரிட்டார். உணவில்லாமல் அது நிலைக்கவில்லை, அவர் இட்ட பெயரும் நிலைக்கவில்லை. 1542இல் காப்ரில்லோ என்ற கடலோடி இக்கரையோரம் வடக்கே போன பயணத்தின் குறிப்பில் கலிபோர்னியா என்ற பெயர் வழக்கில் வந்துவிட்டது. பொன்னும் இல்லாத, அரசியும் இல்லாத வறண்ட கரைக்கு மாலுமிகள் கேலியாகச் சூட்டிய பெயர் அது என்று கருதுவோரும் உண்டு.

பெயரோடு தீவு என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டது. பிரான்சிஸ்கோ தெ உல்லோவா 1539இல் இக்கரைக்கும் மெக்சிகோவுக்கும் இடையிலுள்ள வளைகுடாவின் தலைமாடு வரை சென்று, அங்கே கடல் முடிவதைக் கண்டார். அதன்படி 16ஆம் நூற்றாண்டு வரைபடங்கள் பலவும் அதைத் தீபகற்பமாகவே காட்டின. அடுத்த நூற்றாண்டில் அறிவு பின்னோக்கிப் போனது. 1602-03இல் கடற்பயணம் சென்றுவந்த அந்தோனியோ தெ லா அசென்சியோன் என்ற துறவி அது தீவே என்று சாதிக்க, ஐரோப்பிய வரைபடக்காரர்கள் அதை நம்பி ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்தார்கள். யூசேபியோ கினோ என்ற ஏசுசபைப் பாதிரியார் 1701-02இல் தரைவழியே கொலராடோ ஆற்றைக் கடந்து உண்மையைக் காட்டினார். அதற்குப் பிறகும் சந்தேகம் ஓயாமல், 1747இல் ஸ்பெயின் மன்னர் ஆறாம் பெர்னாண்டோ, கலிபோர்னியா தீவு அல்ல என்று ஆணையே பிறப்பிக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே பெயரின் மூலம் மறந்துபோனது. சூடான உலை என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்தது என்றெல்லாம் விளக்கம் சொன்னார்கள். 1862இல் அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் எவரெட் ஹேல்தான் மொண்டால்வோவின் பக்கங்களைச் சுட்டிக்காட்டினார். அத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் போனதில் வியப்பில்லை; அந்தப் புத்தகத்தைத் தேடிப் படிப்பார் குறைவு. 1605இல் வெளிவந்த ‘டான் குயிக்சாட்’ நாவலில், நாயகனின் நூல்களைப் பாதிரியார் கழித்துக்கட்டும்போது எரிப்பதற்காக முதலில் வெளியே வீசச் சொல்வது இந்த எஸ்பிளாந்தியான் கதையைத்தான்.