எண்ணெய்ச் சுரப்பி மச்சமும் அதில் தோன்றும் கட்டிகளும்: ஒரு வரலாறு

எண்ணெய்ச் சுரப்பி மச்சம் என்பது பிறக்கும்போதே பெரும்பாலும் உச்சந்தலையில் காணப்படும் ஒரு தோல் அடையாளம் ஆகும். மச்சம் என்றாலும் இது கறுப்பாக இருப்பதில்லை; மஞ்சள் அல்லது வெளிர் ஆரஞ்சு நிறத்தில், முடி முளைக்காத திட்டாக இருக்கும். நெற்றியிலும் முகத்திலும்கூட வரலாம். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் மூவருக்கு இது இருப்பதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. இம்மச்சத்தினுள் பிற்காலத்தில் சிறு கட்டிகள் தோன்றுவதுண்டு. அவை புற்றுநோயா அல்லவா என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

முதல் விளக்கம்

இதனை முதலில் விளக்கியவர் செருமானியத் தோல் மருத்துவர் யோசெப் யாடாசோன் (1863–1936). அக்காலச் செருமனியின் பிரெசுலாவு நகரில் (இன்று போலந்தின் விரோத்சுவாஃப்) ஆல்பர்ட் நைசரிடம் பயிற்சி பெற்ற இவர், 1895-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய திட்டுகளில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாக இருப்பதை நுண்ணோக்கி வழியே எடுத்துக்காட்டினார். ஒவ்வாமையைக் கண்டறியும் ஒட்டுச் சோதனையை அறிமுகப்படுத்தியவரும் இவரே. அவர் நினைவாக இது 'யாடாசோன் மச்சம்' என்றும் அழைக்கப்படுகிறது.

மூன்று பருவங்கள்

1965-இல் அமெரிக்காவில் அமீர் மெகரகன், ஹெர்மன் பிங்கஸ் ஆகிய இருவரும் இம்மச்சத்தின் வாழ்க்கையை மூன்று பருவங்களாகப் பிரித்துக் காட்டினர்.

குழந்தைப் பருவத்தில் திட்டு தட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். சுரப்பிகளும் முடி வேர்களும் வளர்ச்சியின்றி இருக்கும். பூப்புப் பருவத்தில் இயக்குநீர்களின் தூண்டுதலால் சுரப்பிகள் பெருத்து, மேற்பரப்பு கரடுமுரடாகும். மூன்றாம் பருவத்தில், பெரும்பாலும் வளர்ந்தவர்களிடம், மச்சத்தினுள் புதிய கட்டிகள் முளைக்கலாம்.

புற்றுநோய் அச்சம்

இக்கட்டிகளில் பலவற்றை அக்கால மருத்துவர்கள் 'அடிச்செல் புற்றுநோய்' என்று பதிவு செய்தனர். சில ஆய்வுகளில் இதன் அளவு 10 விழுக்காட்டையும் தாண்டியது. எனவே, பூப்படையும் முன்பே மச்சத்தை முழுமையாக வெட்டி அகற்றிவிட வேண்டும் என்பது பொதுவான அறிவுரையாயிற்று. எந்தத் தொல்லையும் தராத திட்டுக்காகக் குழந்தைகள் பலர் அறுவை சிகிச்சைக்கு உட்பட்டனர். தலைத் தோல் இறுக்கமானது. பெரிய திட்டை எடுத்தபின் விளிம்புகளை இணைப்பது எளிதன்று. தழும்பும் நிலைத்துவிடும்.

மீளாய்வு

முடி வேரின் முளைச் செல்களிலிருந்து உருவாகும் 'டிரைக்கோபிளாஸ்டோமா' என்ற தீங்கற்ற கட்டி ஒன்று உண்டு. நுண்ணோக்கியில் இதுவும் அடிச்செல் புற்றுநோயைப் போலவே சிறிய, கருநிறச் செல்களின் கூட்டமாகத் தெரியும். ஓரத்துச் செல்கள் வேலிக் கம்புகள் போல் வரிசையாக நிற்பதும் இரண்டிலும் உண்டு. ஆனால் டிரைக்கோபிளாஸ்டோமாவில் செல் கூட்டங்களைச் சுற்றி, முடி வேரைச் சூழ்ந்திருப்பது போன்ற இணைப்புத் திசு காணப்படும். சுற்றியுள்ள திசுக்களை அது அரித்துச் செல்லாது. 1990-களில் பெர்னார்ட் ஆக்கர்மன் போன்றோர் இவ்வேறுபாட்டை வலியுறுத்தினர்.

இதன் விளைவு 2000-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. பிரான்சின் ஸ்டிராஸ்பூர்க் நகரில் பெர்னார்ட் கிரிபியே குழுவினர் 596 மச்சங்களின் திசுக்களை மீண்டும் ஆராய்ந்தனர். தீங்கற்ற கட்டிகள் 13.6 விழுக்காட்டில் இருந்தன. அடிச்செல் புற்றுநோயோ 0.8 விழுக்காட்டில் மட்டுமே இருந்தது. வியர்வைச் சுரப்பி வகைக் கட்டியான சிரிங்கோசிஸ்டடினோமா பாப்பில்லிபெரமும் டிரைக்கோபிளாஸ்டோமாவுமே அதிகம் காணப்பட்டவை. 2014-இல் அமெரிக்காவில் வெளியான 707 மச்சங்களின் ஆய்விலும் தீங்கற்ற கட்டிகளே மிகுதியாக இருந்தன.

மரபணுக் காரணம்

2012-இல் இம்மச்சத்தின் மூலமும் தெரியவந்தது. கருவுற்ற முட்டை பல செல்களாகப் பிரியும்போது, ஒரு செல்லில் எச்ராஸ் (சில வேளைகளில் கேராஸ்) மரபணுவில் மாற்றம் நேர்கிறது. அச்செல்லின் வழி வந்த தோல் பகுதி மட்டும் மச்சமாகிறது. எனவே இது பொதுவாகப் பெற்றோரிடமிருந்து வருவதன்று. தாய் உண்டதற்கோ பார்த்ததற்கோ இதில் பங்கில்லை. மச்சத்தினுள் தோன்றிய கட்டிகளிலும் அதே மாற்றம் காணப்பட்டது.

இன்றைய நடைமுறை

எல்லாக் குழந்தைகளுக்கும் உடனே அறுவை சிகிச்சை என்ற நிலை இன்று இல்லை. மச்சத்தைக் கண்காணித்து வருவதும், குழந்தை வளர்ந்தபின் அதன் விருப்பத்தையும் கேட்டு முடிவெடுப்பதும் ஏற்கப்பட்ட வழிகள். தோற்றம் கருதி அகற்றுவோரும் உண்டு. எனினும் புற்றுநோய் வாய்ப்பு அரிதே தவிர, அறவே இல்லை என்பதன்று. மச்சத்தினுள் புதிய முடிச்சு தோன்றினாலோ, விரைவாக வளர்ந்தாலோ, புண்ணாகிக் குருதி கசிந்தாலோ தோல் மருத்துவரை அணுகித் திசுப் பரிசோதனை செய்துகொள்வது தேவை.