இறப்பர்–அரிசி ஒப்பந்தம் பிறந்த கதை

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் தேடினாலும் இறப்பர்த் தோட்டம் கிடைக்காது. இங்கே வெள்ளாமைதான். ஆனாலும் இலங்கை சீனாவோடு கைகுலுக்கிய கதையைப் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்வட்டைகளில் நின்று சொல்வதே பொருத்தம். அந்த உறவு கொள்கையில் பிறக்கவில்லை, உலைப்பானையில் பிறந்தது.

1950களின் தொடக்கத்தில் நாடு உண்ட அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1949இலேயே கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கியது. அந்தப் பகுதி அன்று மட்டக்களப்பு மாவட்டம்; 1961இல்தான் அம்பாறை பிரிந்தது. அணையைக் கட்டியது மொரிசன்–நுட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. அணை எழும்பினாலும், காடு வெட்டி வயலாக்கி நெல் அறுக்க வருடக்கணக்காகும். பசி அதுவரை பொறுக்குமா?

கொரிய யுத்தத்தில் ஏறிய இறப்பர் விலை 1951க்குப் பின் சரிந்தது. அரிசி விலையோ ஏறியது. அமெரிக்காவிடம் கேட்டுப் பார்த்தார்கள்; கட்டுப்படியான விலை கிடைக்கவில்லை. சீனாவிடம் அரிசி இருந்தது, இறப்பர் இல்லை. சீனாவுக்கு இறப்பர் போன்ற போர்த் தளவாடப் பொருள் விற்கக்கூடாதென்று 1951 மே மாதத்தில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்திருந்தது. அந்தத் தடைக்குக் கட்டுப்பட இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பு நாடல்ல. காரணம் வேடிக்கையானது: இலங்கையின் விண்ணப்பத்தை வீட்டோவால் தடுத்தது சோவியத் ஒன்றியம். ஒரு கம்யூனிச நாடு சாத்திய கதவு, இன்னொரு கம்யூனிச நாட்டுக்கு வழிவிட்டது!

கம்யூனிசம் ஆகாத ஐக்கிய தேசியக் கட்சிதான் ஆட்சியில். நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தனவுக்குச் சீனாவோடு வியாபாரம் செய்வதில் விருப்பமில்லை. பிரதமர் டட்லி சேனநாயக்கவின் உறவினரான வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீக்கிங் போனார். 1952 டிசம்பர் 18இல் ஒப்பமிட்டார். ஐந்து வருடங்களுக்கு, வருடந்தோறும் 50,000 தொன் இறப்பர் போகும். 270,000 தொன் அரிசி வரும். இறப்பருக்கு உலகச் சந்தையை விடக் கூடுதல் விலை. வோஷிங்டன் கோபித்து உதவியை நிறுத்தியது.

டட்லியை இது காப்பாற்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரிசி மானியம் திறைசேரிக்குத் தாங்காமல், 1953 ஜூலையில் 25 சதமாக இருந்த ஒரு கொத்துப் பங்கீட்டுக் கூப்பன் அரிசி 70 சதமானது. அதை எதிர்த்து ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால். ஒக்டோபரில் அவர் பதவி துறந்தார். ஒப்பந்தம் நிலைத்தது. சங்கக்கடையில் கூப்பனுக்கு அளந்த அரிசியில் சீன அரிசியும் கலந்தது. நெல் விளையும் ஊரும் கூப்பனை விடவில்லை; விளைச்சலில் நிலச்சொந்தக்காரரான போடியாருக்கும் கடனுக்கும் போனபின் குத்தகைக்காரன் வீட்டுக்கு மிஞ்சுவது எத்தனை மாதத்துக்கு?

1950 ஜனவரியிலேயே சீனாவை அங்கீகரித்திருந்தாலும் தூதர்கள் பரிமாறப்படவில்லை. தூதரக உறவு மலர்ந்தது 1957 பெப்ரவரியில், பிரதமர் பண்டாரநாயக்க காலத்தில். அதற்குள் அரிசிக் கப்பல்கள் நாலு வருடம் வந்து போயிருந்தன. புதுப்பித்துப் புதுப்பித்து 1982 வரை நீண்டது ஒப்பந்தம். அது முடிந்தபோது ஜனாதிபதி, அன்று அதை விரும்பாத அதே ஜே.ஆர்.