தரங்கம்பாடியில் எழுந்த வினா

கிறிஸ்தவ சபைகளுக்கிடையே எழுந்த பிணக்குகளுள் எவை உயிர்நிலையைத் தொடுவன, எவை நெடும்பழக்கத்தினால் மட்டும் போற்றப்படுவன என்று பகுத்தறிதல் எளிதன்று. தென்னிந்தியாவில் இப்பணி மேற்கொள்ளப்பட்டபோது அது நிறைவேற 28 ஆண்டுகள் சென்றன.

1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியில், 1919ஆம் ஆண்டு மே மாதத்தில் 33 குருமார் கூடினர். இருவர் தவிர்ந்த ஏனையோர் இந்தியர். தம்மைப் பிரித்து நின்ற வேலிகள் தம் மண்ணில் முளைத்தவை அல்ல, ஐரோப்பாவின் பழைய வழக்குகள் கப்பலேறி வந்தவையே என்பது அவர்கள் உள்ளத்தை உறுத்திற்று. அக்கூட்டத்தில் முன்னின்றவர் அசரியா. நெல்லை நாட்டு வெள்ளாளன்விளையிற் பிறந்து, 1912இல் தோர்ணக்கல்லின் அத்தியட்சராகி, அங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவர்.

வேதாகமம், பழைய விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானம், நற்கருணை ஆகியவற்றில் எவருக்கும் வழக்கில்லை. முடிச்சு விழுந்த இடம் அத்தியட்சர் பதவி. அத்தியட்சரின் கைவைப்பினாலேயே குருத்துவம் வழிவழியாக வருகிறது என்பது அங்கிலிக்கன் மரபு. 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபைக்கோ அத்தியட்சரே இல்லை. இருதரத்தாரும் இணைந்தால், பல்லாண்டு நற்கருணை வழங்கிய ஒரு முதிய போதகர் மீண்டும் குருப்பட்டம் பெறவேண்டுமா? பெறவேண்டும் எனின், அதுவரை அவர் செய்த ஊழியம் வெறுமையானது என்றாகும். வேண்டாம் எனின், நூற்றாண்டுகளாகக் காத்த தொடர் அறுந்தது என்று மறுதரத்தார் வருந்துவர். பின்னர் மெதடிஸ்தரும் பேச்சில் சேர்ந்தனர். குழு கூடுவதும் கலைவதுமாக ஆண்டுகள் ஓடின.

முடிவில் கண்ட வழி இது. அத்தியட்சர் பதவியை யாவரும் ஏற்பர். அப்பதவியைப் பற்றிய கொள்கை விளக்கம் எதுவும் எவர்மீதும் சுமத்தப்படமாட்டாது. இணையும் நாளிலுள்ள குருமார் உள்ளபடியே ஏற்கப்படுவர். அதன்பின் குருப்பட்டம் அத்தியட்சராலேயே அளிக்கப்படும். மனச்சாட்சிக்கு ஒவ்வாத குருவை எச்சபையும் ஏற்குமாறு வற்புறுத்தலாகாது. இதனை மழுப்பல் என்று பழித்தோர் உண்டு. அப்பழி பொருந்தாது. விளக்கத்தில் விட்டுக்கொடுத்தவர்கள், ஒரு மனிதனின் ஊழியத்தை வெறுமையென்று சொல்ல மட்டும் இசையவில்லை.

இங்கிலாந்தில் எதிர்ப்பு வலுத்தது. கவிஞர் ரி. எஸ். எலியற் 1943இல் இத்திட்டத்தைக் கண்டித்துச் சிறுநூல் எழுதினார். அவர் அமெரிக்காவிற் பிறந்து, 1927இலே இங்கிலாந்துத் திருச்சபையிற் சேர்ந்தவர். வீட்டுக்குப் புதிதாக வந்தவரே சில வேளை வேலியை மிக உரமாகக் காப்பர்.

அசரியா 1945 ஜனவரி 1ஆம் நாள் காலமானார். அதே மாதத்திலேயே இந்தியா, பர்மா, இலங்கை அங்கிலிக்கன் சபையின் பொதுப் பேரவை, தென்னாட்டு மறைமாவட்டங்கள் நான்கும் பிரிந்து ஐக்கியத்திற் சேர இசைவளித்தது. இந்தியா விடுதலை பெற்று ஆறு வாரங்கள் சென்றபின், 1947 செப்டெம்பர் 27ஆம் நாள், சென்னை தூய ஜோர்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. மறு ஆண்டே லம்பெத் மாநாட்டில் கூடிய அத்தியட்சர்கள், புதிய சபையின் குருப்பட்டங்களை ஏற்பதில் ஒருமனப்படவில்லை. நந்தியால் பகுதி அங்கிலிக்கன் மக்கள் ஒதுங்கி நின்று, 1975இலேயே வந்து சேர்ந்தனர்.

யாழ்ப்பாணத்தில் 1816 முதல் அமெரிக்க மிசனார் வளர்த்த சபைகள் முன்னரே தென்னிந்திய ஐக்கிய சபையைச் சார்ந்திருந்தன. ஆதலின் அவையும் புதிய திருச்சபையின் ஒரு மறைமாவட்டமாயின. சபாபதி குலேந்திரன் முதல் அத்தியட்சரானார். வட்டுக்கோட்டை ஆலயம் அவரது பேராலயமாயிற்று. சுண்டிக்குளியில் வழிபட்ட அங்கிலிக்கன் மக்களோ கொழும்பு அத்தியட்சருக்கே உட்பட்டிருந்தனர். மெதடிஸ்தரும் தனித்தே நின்றனர். வட்டுக்கோட்டைக்கும் சுண்டிக்குளிக்கும் இடைப்பட்ட தூரம், துவிச்சக்கர வண்டியில் ஒரு முற்பகலிற் போய்வரத் தக்கது.