சான்றிதழுக்கு அப்பால்: சிகாகோ நகரத்து மங்கையர் இருவர்

ஆண்டுதோறும் நம் சங்க மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதுமாறு செயலாளர் பணிப்பதும், யான் சோழர் பெருமையையோ பல்லவர் சிற்பத்தையோ பற்றி எழுதித் தருவதும் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்றும் சற்றே விலகுகின்றேன். அரசர் கதையே வரலாறு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்த எளியோருக்கும் வரலாறு உண்டன்றோ? நாமும் அவ்வாறு வந்தவர்களே.

காரணத்தை மறைப்பானேன்? என் மகள் சென்ற ஆண்டு அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் அழகுக்கலைப் பயிற்சியை முடித்தாள். சான்றிதழ் கைக்கு வந்தது, வேலை வரவில்லை. ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் “முன் அனுபவம் உண்டா?” என்ற ஒரே கேள்வி. வேலை கொடுத்தாலன்றோ அனுபவம் வரும்? இதற்கிடையே ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், “ரயில்வே குமாஸ்தா மகள் பிறர் தலையைத் தொட்டா பிழைக்க வேண்டும்?” என்றார். யான் விடையளிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், என் உள்ளத்தின் ஒரு மூலையிலும் அவ்வெண்ணம் ஒளிந்துகிடந்தது. என் மகள் அதனைக் கண்டுகொண்டாள். அன்று எனக்கு நேர்ந்த வெட்கமே என்னைப் படிக்கத் தூண்டிற்று. படித்தறிந்ததை இங்கே எழுதுகின்றேன்.

அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களில் அடிமைத்தளை சட்டத்தால் அறுந்த பின்னரும் கறுப்பின மக்களின் இன்னல் தீரவில்லை. பருத்திக் காடும் வெள்ளையர் வீட்டு வேலையுமே அவர்களுக்குரிய பிழைப்பாயின. 1916 முதல் 1970 வரை ஏறத்தாழ அறுபது இலட்சம் பேர் வடக்கும் மேற்குமுள்ள நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். மிசிசிப்பி மாநிலத்தாரில் பலரைச் சிகாகோவுக்குக் கொண்டு சேர்த்தது இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதை. புல்மன் உறக்கப் பெட்டிகளில் ஊழியம் செய்த கறுப்பினத்தார், ‘சிகாகோ டிபெண்டர்’ என்னும் பத்திரிகையைத் தென்னாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்று பரப்பினர். ரயிலை நம்பி வாழும் நமக்கு இச்செய்தி அந்நியமானதன்று.

இம்மக்களின் பெண்களுக்கு அடுப்படியையும் சலவைத் தொட்டியையும் தவிர வேறொரு வாயில் திறந்ததென்றால், அதனைத் திறந்தோருள் முதன்மையானவர் சாரா பிரீட்லவ் அம்மையார். 1867-இல் லூசியானாவில் பிறந்தவர்; பெற்றோர் அடிமைகளாயிருந்தோர். ஏழு வயதில் அநாதை, பதினான்கில் மணம், இருபதில் கைம்மை. செயின்ட் லூயி நகரில் துணி வெளுத்து மகளை வளர்த்தார். பின்னர்த் தலைமுடிக்கான மருந்துகளை விற்கத் தொடங்கி, மேடம் சி. ஜே. வாக்கர் என்னும் பெயரால் புகழ் பெற்றார். 1908-இல் பிட்ஸ்பர்க் நகரில், தம் மகள் பெயரால் லீலியா கல்லூரி என்னும் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அங்குப் பயின்ற பெண்கள் வேலை கேட்டு யார் வாயிலிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. வாக்கர் நிறுவனத்தின் முகவர்களாகித் தத்தம் வீட்டிலோ வாடிக்கையாளர் வீட்டிலோ தொழில் செய்தனர். முதல் வேலையை அவர்களே படைத்துக்கொண்டனர் எனலாம்.

இனிச் சிகாகோவுக்கு வருவோம். மார்ஜரி ஸ்டூவர்ட் ஜாய்னர் 1896-இல் வர்ஜீனியாவின் மலைப்பகுதியில் பிறந்து, 1912-இல் சிகாகோ வந்தவர். அந்நகரின் மோலர் அழகுக்கலைப் பள்ளியில் 1916-இல் தேறினார். அப்பள்ளியில் தேறிய முதல் கறுப்பினப் பெண் அவரே. அவ்வாண்டே தெற்கு ஸ்டேட் வீதியில் சொந்தமாகக் கடை திறந்தார். சான்றிதழும் கடையும் இருந்தன, குறை என்ன?

குறையை எடுத்துக் காட்டியவர் அவருடைய மாமியார். மருமகளிடம் தம் தலையைக் கொடுத்தார். பள்ளியில் கற்றதோ வெள்ளையர் முடிக்கு ஏற்ற முறைகள். நெருங்கிச் சுருண்ட மாமியார் முடிக்கு அவை பயன்படவில்லை. வேலை படுதோல்வி! ஆயினும் அம்மாமியார் மருமகளை ஏளனம் செய்யவில்லை. வாக்கர் அம்மையாரின் முறையைக் கற்று வருமாறு பணித்துப் பணமும் கொடுத்தார். சான்றிதழ் பெற்ற மருமகள் மீண்டும் மாணவியானார். சில ஆண்டுகளில் வாக்கர் பள்ளிகளின் தேசிய மேற்பார்வையாளராக உயர்ந்தார். அவர் கண்காணிப்பில் இருந்த பள்ளிகள் இருநூறுக்கும் மேல்.

இறைச்சி உள்ளே வேகும்பொருட்டுச் செருகும் கம்பிகளைச் சமையலறையில் கண்டு, அவ்வாறே பல கம்பிகளால் தலைமுடியை ஒரே வேளையில் சூடாக்கிச் சுருளச் செய்யும் மின்பொறி ஒன்றை அவர் அமைத்தார். 1928-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. உரிமையோ நிறுவனத்துக்குச் சென்றது. அவர் அதனால் செல்வம் ஈட்டவில்லை. ஆயினும் கற்பதை நிறுத்தினாரா? எழுபது வயதைக் கடந்தபின், 1973-இல் பட்டம் பெற்றார். 1994-இல் மறைந்தார்.

மற்றொரு மங்கை பெஸ்ஸி கோல்மன். 1892-இல் டெக்சஸில் பிறந்து, பருத்தி எடுத்து வளர்ந்தவர். 1915-இல் தமையன்மாரை நாடிச் சிகாகோ வந்து, பர்ன்ஹாம் அழகுக்கலைப் பள்ளியில் நகம் திருத்தும் தொழில் கற்றார். முதல் வேலை ஆடவர் முடிதிருத்தும் கடை ஒன்றில். வந்தோரின் கைநகங்களைச் சீர்செய்வது. முதல் உலகப்போரிலிருந்து திரும்பியோர் விமானக் கதைகள் பேசுவதை அங்கே கேட்டார். பிரெஞ்சுப் பெண்கள் விமானம் ஓட்டுகின்றனர், உங்களால் ஆகுமா என்று தமையனே கேலி செய்தார். அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. அவர் பிரெஞ்சு மொழி கற்றுப் பிரான்சுக்குக் கப்பலேறினார். 1921 ஜூன் 15-ஆம் நாள் விமானிக்குரிய உரிமம் பெற்றார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுள் அதனைப் பெற்ற முதல்வர் அவரே. 1926-இல் விமான விபத்தில் மாண்டார். நகம் திருத்திய கைதான் விமானத்தையும் ஓட்டிற்று.

இவ்விருவர் கதையினின்றும் நாம் அறிவது யாது? சான்றிதழ் ஒரு கதவின் சாவி. கதவைத் தாண்டி நடப்பது வேறு. முதல் வேலை சிறிதாயினும் அது கடைசி வேலை அன்று. மூன்றாவதாக ஒன்று உண்டு. அது நம்மைப் போன்ற பெற்றோருக்கு உரியது. முதல் வாடிக்கையாளர் வீட்டிலேயே இருத்தல் வேண்டும். தன் தலையைத் துணிந்து கொடுத்த அந்த மாமியார் இல்லையேல், ஜாய்னர் அம்மையார் தம் குறையை அறிந்திருப்பாரா?

முடிதிருத்தும் தொழிலை நாம் ஏன் தாழ்வாக எண்ணினோம்? தமிழகத்தில் அத்தொழில் செய்தோருக்கு மருத்துவர் என்றே பெயர். பிள்ளைப்பேற்றின்போது நம் பாட்டிமாருக்கு உதவியவர் அக்குடும்பத்து மருத்துவச்சியே. உயிர் பிழைக்க அவர் கை வேண்டியிருந்தது. திண்ணையில் அமர மட்டும் அவருக்கு இடம் தரவில்லை. தாழ்வு தொழிலில் இல்லை. நம் மனத்தில் இருந்தது. உறவினருக்கு அன்று சொல்லாத விடை இதுவே.

என் மகளுக்கு இப்போது சிறு கடையொன்றில் வேலை கிடைத்துள்ளது. துண்டு துவைப்பதும் தரை பெருக்குவதும் அதில் அடங்கும். சென்ற மாதம் என் மனைவி அவளிடம் முடி திருத்திக்கொண்டாள்; ஒரு பக்கம் சற்றே ஏறியும் மறுபக்கம் இறங்கியும் போயிற்று. வீட்டில் ஒருவரும் நகைக்கவில்லை.

நிறைவாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் விழாவில் நடனமாடும் குழந்தைகளின் ஒப்பனைக்கு ஆண்டுதோறும் வெளியாரை அழைக்கின்றோம். நம் காலனியிலேயே இத்தொழில் கற்ற பெண்கள் இருக்கின்றனர். அடுத்த ஆண்டு அப்பணியை அவர்களிடம் ஒப்படையுங்கள். இனாமாக அன்று, உரிய கூலி கொடுத்து. “முன் அனுபவம் உண்டா?” என்று இனி ஒருவர் வினவினால், “உண்டு, எங்கள் தமிழ்ச் சங்கத்தில்” என்று அவர்கள் தலைநிமிர்ந்து கூறட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!