ஆற்று மீன் என்ற பெயரால் வந்த பிழை

ஆரணிக்கு அருகில் கடல் இல்லை. ஆயினும் சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவர் கழிமுகத்து மீன் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பச்சை முதுகில் கரும்புள்ளிகள். சீண்டினால் பந்துபோல் உப்பும் பேத்தை மீன். சென்னையில் ஒரு கடையில் "நன்னீர் மீன்" என்று சொல்லி விற்றார்களாம். இருபது நாள்களில் அதன் வயிறு கறுத்தது, இரையும் எடுக்கவில்லை.

விற்றவரை மட்டும் குறைகூற முடியாது. இக்குழப்பத்துக்கு வயது இருநூறு. 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, காஞ்சிபுரம், ஆர்க்காடு வழியாக மைசூர் நாட்டுக்குச் சென்று, உழவையும் தொழில்களையும் குறிப்பெடுத்தவர் பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். நம்மூருக்கு வெகு அருகில்தான் கடந்து போயிருக்கிறார்! பின்னாளில் ஹாமில்டன் என்று பெயர் மாற்றிக்கொண்ட அவரே, 1822-இல் கங்கையாற்று மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் இம்மீனுக்கு 'ஃபுளுவியாட்டிலிஸ்' என்று பெயரிட்டார். 'ஆற்றுக்குரியது' என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள். கங்கையின் கழிமுகமும் ஆறுதான். ஆனால் அங்கே கடல் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. பெயர் அந்த உப்பைச் சொல்லவில்லை.

நன்னீரில் வாழும் மீனின் உடலுக்குள் சவ்வூடு பரவலால் நீர் ஓயாமல் புகுந்துகொண்டிருக்கும். அதை வெளியேற்றுவதும், இழந்த உப்பைச் செவுள் வழியே மீட்பதும் மீனுக்குப் பெரும் வேலை. இளம் பேத்தை அதைத் தாங்கும். வளர்ந்தது நாளடைவில் நலிகிறது.

சரி, எவ்வளவு உப்பு வேண்டும்? நாக்கு இதற்கு உதவாது. பாரிசில் மருந்து செய்துவந்த அந்துவான் போமே 1768-இல் ஒரு நீரடர்த்திமானியை அமைத்தார். தூய நீரில் அது மிதந்து நிற்குமிடம் 0. எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்புள்ள கரைசலில் நிற்குமிடம் 15. உப்பளங்களில் இன்றும் வழங்கும் அளவை இதுவே. கடல்நீர் சுமார் 3.5 பாகை, 25 பாகையை எட்டும்போது சமையல் உப்பு படியத் தொடங்கும். மக்னீசிய உப்புகளோ பெரும்பாலும் எஞ்சிய கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் கிடைத்துவிடாது. மீன்தொட்டிக்கென விற்கும் கடலுப்புக் கலவையே வேண்டும்.

வளர்ந்த பேத்தைக்கு ஒப்படர்த்தி 1.010 அளவு போதும். போமே அளவையில் இது ஒன்றரைப் பாகைகூட இல்லை; உப்பளத்து மானியில் கண்ணுக்கே அகப்படாது. எனவே எங்கள் ஆய்வகத்து ஹைட்ராமீட்டரை எடுத்தோம். இங்கேயும் ஒரு சிக்கல். அதில் கோடுகள் 15.5 செல்சியசுக்குக் குறிக்கப்பட்டவை. ஆரணியில் தொட்டி நீரின் வெப்பம் 30. சூடேறிய நீர் விரிவடைவதால் மானி ஏறக்குறைய 0.003 குறைத்துக் காட்டும். அதை அப்படியே நம்பினால் லிட்டருக்கு 4 கிராம் உப்பு கூடுதலாகக் கொட்டிவிடுவோம். நாங்களும் முதல்நாள் கணக்கில் இதை மறந்துதான் போனோம்.

திடீர் மாற்றம் மீனுக்கு ஆகாது. நீரைத் தூய்மையாக்கும் பாக்டீரியாக்களுக்கும் ஆகாது. மாணவர் வாரத்துக்கு 0.002 வீதம் ஏற்றினார். ஐந்தாம் வாரம் மானி 1.007 காட்டியது, அதாவது உண்மையில் 1.010. கிளியலகு போன்ற அதன் பற்கள் ஓயாமல் வளர்பவை. தேய்வதற்குக் கடினமான இரை வேண்டும். அன்று போட்ட நத்தையைப் பேத்தை ஓட்டோடு நொறுக்கித் தின்றது.